வடைக்கும் டோஸ்டுக்கும் ஈரச்சாக்கு

யூலை 29, 1995. சனி.

விடியவே வெக்கை. ஏழு மணிக்குப் பின்வளவுச் சிமெந்து காலைச் சுட்டது.

இன்று மானம் போனது. சாரத்தோடு முழங்காலில் நின்று, தலையைக் கூட்டுக்குள் விட்டு, உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். "என்ன ராசா, வேர்க்குதோ?" என்று குசலமும் விசாரித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பேர்ல் (ஜமேக்காக்காரி, ஓய்வுபெற்ற நர்ஸ்) எட்டிப் பார்த்து, சுகமா என்று கேட்டாள். எழும்ப முடியவில்லை. டோஸ்ட் (மகளின் ஃபெரெட் இரண்டில் ஒன்று, கீரி மாதிரி இருக்கும்) சாரத்தின் நுனியைக் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எழும்பினால் சாரம் அங்கே, நான் இங்கே. முழங்காலில் நின்றபடியே குட் மோர்னிங் சொன்னேன். பிரார்த்தனையைக் குழப்பிவிட்டேனோ என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். இல்லை என்று நான் சொல்லவில்லை.

மு.ப. 11. மகள் சுகி வந்தாள். பின் ஒழுங்கைப் படலையால். நாலு மாதமாக இதுதான் முறை. கனடா மாப்பிள்ளையை வேண்டாம் என்றவுடன் தாய் தவம் சொன்னாள், "அப்ப இனி இந்த வீட்டு வாசல் மிதியாதை." சுகி சொல்லுக் கேட்கிற பிள்ளை. வாசலை மிதிப்பதில்லை. பின்னால் வருகிறாள், கூட்டைத் துப்புரவாக்குகிறாள், இரண்டையும் புல்லில் ஓட விடுகிறாள், பின்னால் போகிறாள். ஆர்ச்வேயில் அவளுடைய வாடகை அறையில் மிருகம் வைக்கக் கூடாதாம். அதனால் இவை இங்கே. நான் கவிழ்த்து வைத்த வாளியில் இருப்பேன். கதைப்பது இவற்றைப் பற்றி மட்டும். என்ன தின்றது, எப்படிப் பேண்டது. அது போதும்.

இன்று வெக்கைப் பாடம். மிருக ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு, ஆகவே டொக்டர் மாதிரிச் சொல்லுவாள். இதுகளுக்கு வேர்க்காதாம். சூட்டை வெளியே விட வழி இல்லையாம். ஒரு பின்னேரத்திலேயே செத்துப்போகுமாம். எழுதச் சொன்னாள், எழுதினேன்:

போத்தலில் முக்கால்வாசி தண்ணீர், ஃப்ரீசரில் உறைய வைத்து, பழைய மேசுக்குள் போட்டுக் கூட்டில் வைக்க. (என் காலுக்குரிய மேசு. ஏற்கெனவே பாதி டோஸ்ட் களவெடுத்துச் சேர்க்கிற களஞ்சியத்தில்.)
குளியலறை கட்டியபோது மிஞ்சிய டைல் இரண்டு, நனைத்து, படுக்க.
தட்டையான தட்டில் தண்ணீர்.
வெயில் நகர நகரக் கூட்டையும் நகர்த்த.
வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே போன்.

"காத்து நல்லா வரவேணும் அப்பா" என்றும் சொன்னாள். அதை எழுதவில்லை. லண்டனில் காற்றுக்கு என்ன குறை.

அவள் இருந்த நேரம் முழுக்கக் குசினி ஜன்னல் சீலை ஆடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு இலை அசையவில்லை.

யூலை 30. ஞாயிறு.

ஃப்ரீசர்ப் போர். நாலு போத்தல் வைத்தேன். தவம் நாலையும் வெளியே எடுத்து வைத்தாள். விளைமீனும் ஆட்டிறைச்சியும் இருக்கிற இடமாம். நான் திரும்ப வைத்தேன். அவள் எடுத்தாள். மூன்றாம் முறை இரண்டு போத்தல் உள்ளே, இரண்டு வெளியே. இதுதான் எங்கள் சமாதான ஒப்பந்தம்.

வீட்டுக்குள் கொண்டுவருவோமா என்று கேட்டுப் பார்த்தேன். சாமியறை இருக்கிற வீட்டுக்குள் அந்த மணம் வரக் கூடாது என்றாள். மணம் உண்மைதான். ஆனால் என்னுடைய வேலைச் சப்பாத்து இருபது வருசமாக உள்ளே இருக்கிறது.

கோயிலுக்குப் போகவில்லை. ஊர்ப் பேப்பர் மூன்று கிழமையாகப் பிரிக்காமல் கிடக்கிறது. பிரிக்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லாம் சண்டைச் செய்தி, கை போகவில்லை.

யூலை 31. திங்கள்.

காலை ஷிப்ட். பெற்றோல் ஷெட்டில் எல்லாரும் ஐஸ்கிரீமும் தண்ணீரும்தான் வாங்குகிறார்கள். குணம் அண்ணை அடுத்த கவுன்டரிலிருந்து, "உன்ரை மகள் விட்டிட்டுப் போன சாமான் என்னடாப்பா, மரநாயோ கீரியோ?" என்றார். இரண்டுக்கும் நடுவில் என்றேன். வெள்ளைக்காரர் ஃபெரெட் என்பார்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கபிலம், முயல் பிடிக்கிற சாதி, ஆனால் இவை இரண்டும் மேசு மட்டும்தான் பிடிக்கும் என்று விளக்கினேன்.

"கீரி நிண்டால் பாம்பு வராது, நல்லதுதான்" என்றார்.
"லண்டனிலை எங்கை அண்ணை பாம்பு?"
"வீடு வீடாய் இருக்கடா. வீட்டு வாடகை வாங்க வரும்."

சிரித்தேன். நெடுநேரம் சிரித்தேன் என்று நினைக்கிறேன், ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார்.

பெயர் எப்படி வந்தது என்றும் கேட்டார். கபிலத்துக்கு டோஸ்ட் என்று வைத்தது சுகி. வெள்ளை சுருண்டு படுத்தால் நடுவில் ஓட்டையோடு உளுந்து வடை. அந்தப் பெயர் நான் வைத்தது. என் வாழ்க்கையில் நான் வைத்து, எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர். மகளுக்குப் பெயர் வைத்தது மாமியார்.

இடது பல்லு வலி. கராம்பு வைத்தேன்.

ஓகஸ்ட் 1. செவ்வாய்.

இன்னும் ஏறுகிறது. தார் இளகுகிறது. பஸ்ஸில் ஒரு கிழவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் காலை நிழல் மத்தியான வெயில். கூட்டைத் தவத்தின் சந்தை ட்ரொலியில் ஏற்றிக் கொட்டிலுக்குப் பின்னால் இழுத்தேன். ஒரு சில்லுக் கழன்றது. தவத்துக்கு இன்னும் தெரியாது.

போத்தல் உருகித் தண்ணீர். இரண்டும் டைலில் வயிற்றை ஒட்டிக் கிடந்தன. சாப்பாடு தொடவில்லை. நான் ஷெட்டில் நிற்கிற எட்டு மணித்தியாலம் யார் கூட்டை நகர்த்துவது?

இரவுச் சாப்பாட்டில் தவம் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை, மீன் சட்டியைப் பார்த்து. "அதுகள் செத்தால் அவள் இனி ஏன் இந்தப் பக்கம் வரப்போறாள்." கேள்வியாகக் கேட்கவில்லை. மீனில் உப்புக் குறைவு. எழும்பிப் போய் உப்பு எடுத்தேன்.

படுக்கும்போது ஒரு யோசனை. ஐயாவின் வெற்றிலைக் கடை. கூடையைச் சுற்றி ஈரச்சாக்குப் போட்டால் வெற்றிலை வாடாது, கொழுத்த வெயிலிலும் உள்ளே குளிரும். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம். பள்ளிக்கூடத்து விஞ்ஞான மார்க்கை இங்கே எழுதப்போவதில்லை.

ஓகஸ்ட் 2. புதன்.

விடிய ஐந்துக்கு எழும்பினேன். முந்தி அரிசிக் கடையில் கேட்டு வாங்கிக் கொட்டிலில் போட்ட சணல் சாக்கு மூன்று. வாளியில் ஊற வைத்துக் கூட்டைச் சுற்றி நாலு பக்கமும் போட்டேன். மேலேயும் போட்டேன். ஓரங்களைச் செங்கல் வைத்து அமத்தினேன், காற்று இழுத்து விழுத்திவிடாமல். கை வைத்துப் பார்த்தால் உள்ளே கிணற்றடி மாதிரிக் குளிர். என்னை நானே மெச்சிக்கொண்டு வேலைக்குப் போனேன். குணம் அண்ணைக்கும் சொன்னேன். அவரும் மெச்சினார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

பி.ப. இரண்டரைக்கு வந்தேன். சாக்கைத் தூக்கினேன். முகத்தில் ஆவி அடித்தது.

டோஸ்ட் கம்பிவலையில் வாயை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வடை வடையாக இல்லை. நீட்டி, தட்டையாக, நனைந்த மேசு மாதிரி.

கையில் எடுத்தேன். சுடுசோற்றுப் பார்சல் போல் இருந்தது. தலை ஒரு பக்கம் தொங்கியது. நின்றேன். சாக்கில் எழுதியிருந்ததை வாசித்தேன். பாஸ்மதி, முதல் தரம், உலர்ந்த இடத்தில் வைக்கவும். ஏன் வாசித்தேன் என்று தெரியாது. பயம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

குசினிக் கதவில் தவம். "ஏன் நிக்கிறியள்? உள்ளுக்கை கொண்டாங்கோ."

கொண்டுபோனேன். நிலத்தில் துவாயை விரித்தாள். டோஸ்டையும் அவளே போய்த் தூக்கி வந்தாள், வாழ்க்கையில் முதல் முறை, கழுத்தில் பிடித்து, நாலு மாதமாக ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகியது போல. ஃப்ரீசரைத் திறந்தாள். ஐஸ் வைக்கலாமோ தெரியாது, போன் எடுப்போம் என்றேன். சுகியின் வேலையிடத்து நம்பர் எழுதிய துண்டு கலண்டருக்குப் பின்னால். இல்லை. பேர்ஸில் இல்லை. மேசை லாச்சியில் மெழுகுதிரி, பழைய கதவுத் திறப்பு, லைப்ரரி கார்ட்.

தவம் போனை எடுத்து நம்பரை அமத்தினாள். எதையும் பார்க்கவில்லை. மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரை என் கையில் திணித்தாள்.

சுகி வேலைக் குரலில் பேசினாள். "அப்பா, வடிவாக் கேளுங்கோ. ஐஸ் வேண்டாம். குழாய்த் தண்ணி. பாதம், வயிறு, வால். மெல்ல மெல்ல. வாய்க்குள்ளை ஊத்தாதேங்கோ."

நான் கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னேன். தவம் செய்தாள். பாதம். வயிறு. வால். சீலைத் தலைப்பை நனைத்து நனைத்து. குசினி மணிக்கூடு சத்தம் போட்டது. அது சத்தம் போடுகிற மணிக்கூடு என்று இன்றுதான் தெரியும்.

வடை தவத்தின் விரலைக் கடித்தது.

அவள் கையை இழுக்கவில்லை. "கடிக்குது. கடிக்கிற பலம் இருக்கு" என்றாள். எனக்குச் சொன்னது போல. ஆனால் போனுக்குக் கேட்கிற அளவுக்கு.

அந்தப் பக்கம் ஒரு கதிரை நகர்ந்தது. பிறகு, "அம்மாவோ அது?"

"ஓம்."

"வாறன்."

ஐந்தரைக்கு வந்தாள். இரண்டு ரயில், ஒரு பஸ். பின்படலையால்தான். ஆனால் வடை உள்ளே. குசினிப் படிக்கு வெளியே நின்றாள். தாய் உள்ளே, எட்டினால் கை படுகிற தூரம்.

"உள்ளுக்கை வரலாமோ எண்டு கேளுங்கோ அப்பா."

நான் திரும்பிக் கேட்டேன்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வரச்சொல்லுங்கோ."

நான் திரும்பிச் சொன்னேன். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் போன வருசம் திறந்த சுரங்கம் போல, எல்லாம் என் வழியாகப் போனது.

வாயைத் திறந்து பல் முரசைப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், தண்ணீரில் கொஞ்சம் சீனியும் உப்பும் கலந்து விரலால் நக்கக் கொடுத்தாள். நக்கியது. பிழைக்கும் என்றாள். பிறகு என்ன செய்தேன் என்று கேட்டாள். சாக்கு. செங்கல். வெற்றிலைக் கூடை. முழுக்கச் சொன்னேன். கத்துவாள் என்று நின்றேன்.

"அப்பா. ஈரமும் இருக்கு, காத்தும் இல்லை. நீங்கள் புட்டு அவிச்சிருக்கிறியள்."

தவத்தின் பக்கம் ஒரு சத்தம். சிரிப்போ இருமலோ. திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

மேசையில் மூன்று தேத்தண்ணி. சுகி நின்றபடி குடித்தாள். குடித்து முடித்து மெல்லச் சொன்னாள், என் பிழை என்று அல்ல, வெக்கை குறையாது, நான் வேலைக்குப் போகாமல் இருக்கவும் ஏலாது. அவளோடு வேலை செய்கிற ஜோ என்ற பிள்ளையின் வீட்டில் நிலக்கீழ் அறை உண்டாம், எப்போதும் குளிர். ஆர்ச்வேயில், சுகியின் அறைக்கு இரண்டு தெரு தள்ளி. "சனிக்கிழமை வான் கொண்டுவந்து ஏத்திறம். சரிதானே அப்பா?"

"சரி" என்றேன்.

ஓகஸ்ட் 3. வியாழன்.

இரண்டும் குசினியில், உடுப்புக் கூடைக்குள். சாமியறைக் கதவு சாத்தியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். தவம் மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாம்பிராணி மட்டும் வழமைக்கு மேல். விரலில் பிளாஸ்டர். எப்படி என்று கேட்ட பேர்லுக்கு, "மகளின்ரை" என்று மட்டும் சொன்னாள், தமிழில். பேர்லுக்கு என்ன விளங்கியதோ, தலையாட்டினாள்.

போத்தல் எட்டு ஃப்ரீசரில். விளைமீன் முழுக்கப் பொரித்தாகிவிட்டது. மூன்று நேரமும் பொரியல்.

வடை சோறு தின்னாது. பச்சைக் கோழி தின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என்ன நினைத்ததோ. நானாக இருந்தால் வழக்குப் போட்டிருப்பேன்.

வேலை. வீடு. வெயில். பல்லு.

ஓகஸ்ட் 4. வெள்ளி.

ஒன்றும் இல்லை.

குணம் அண்ணை சாக்கு என்ன மாதிரி என்று கேட்டார். நல்ல பலன் என்றேன்.

இரவு குசினியில் தண்ணீர் குடிக்கப் போனேன். தவம் கூடைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து பழைய சீலையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "போத்திலுக்கு. உங்கடை மேசு நாறுது." நானும் பக்கத்தில் இருந்தேன். கிழித்தோம். சனிக்கிழமைக்குப் பிறகு என்ன என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சீலை கிழிகிற சத்தம் நல்லாக இருந்தது. மாம்பழ நிறச் சீலை. எந்த வருசத்துச் சீலை என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

ஓகஸ்ட் 5. சனி.

மேகம். வெக்கை குறையவில்லை, வெயில் மட்டும் இல்லை.

ஆறு மணிக்கே கூட்டைக் கழுவினேன். அடியில் டோஸ்டின் களஞ்சியம்: என் மேசு ஐந்து, ஒன்றுக்கும் சோடி இல்லை. தலைமயிர்க் கிளிப். ட்ரொலிச் சில்லு மூடி. தவத்துக்குச் சில்லு விசயம் இப்போது தெரியும்.

மு.ப. 11. வான். ஜோ நல்ல பிள்ளை, நெட்டை, என்னை மிஸ்டர் என்று கூப்பிட்டாள். கூட்டை நானும் அவளும் தூக்கினோம். ஒழுங்கை ஒடுக்கம், என் விரல் நசிந்தது, நோகவில்லை. பிறகு பார்த்தால் நகம் கறுப்பு.

சுகி இரண்டையும் பயணக் கூண்டில் போட்டாள். வடை சுருண்டது. ஓட்டையோடு.

தவம் வெளியே வந்தாள். படியைத் தாண்டி, புல்லையும் தாண்டி, படலை வரைக்கும். கையில் பெரிய பை. சீலை சுற்றிய போத்தல்கள். அவற்றுக்கு மேல் இன்னொரு பொதி, மூடி இறுக்கிய டப்பா.

"விளைமீன் பொரிச்சது" என்றாள். இந்த முறை என் வழியாக இல்லை. "போத்தில் உருகமுன்னம் போய்ச் சேருங்கோ."

"ஓம் அம்மா."

அவ்வளவுதான். தவம் உள்ளே போனாள். குசினி ஜன்னல் சீலை ஆடவில்லை. பார்த்தேன்.

சுகி வான் கதவைச் சாத்திவிட்டுப் படலையடிக்கு வந்தாள். என் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது, அதைச் சரிப்படுத்தினாள். வாளி, புல்லில் கூடு நின்ற மஞ்சள் சதுரம், கொட்டில் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தாள்.

"ஜோ வீட்டை போனதும் போன் பண்ணிறன். வேறை ஏதும் கிடக்கே அப்பா?"

யோசித்தேன். அவள் நின்றாள். வான் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"டைல் ரெண்டும் கிடக்கு" என்றேன். "கொண்டுபோ."

எடுத்து வந்து கொடுத்தேன். துடைத்துத்தான் கொடுத்தேன். கையை ஆட்டினேன். வான் ஒழுங்கை முனையில் திரும்பியது.

டைல் அல்ல, நான் சொல்ல வந்தது. அடுத்த சனிக்கிழமை சும்மா வா, பிள்ளை.